கீழத்தெருவில் கடைசி எண்ணூறு மீட்டர்

ஆறு வருடமாக ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரே கடிதத்தைத்தான் நான் தட்டச்சு செய்துவந்தேன். தேதி மட்டும் மாறும். "தங்கள் தெருவுக்குச் சாலை அமைப்பது குறித்த கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்பது அதன் மூன்றாவது வரி. அதற்கு முன்னால் வணக்கம், பின்னால் நன்றி. எங்கள் ஊரின் கீழத்தெருவில் இருபத்து மூன்று வீடுகள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்பார்கள். இருபத்து மூன்று உறைகளில் பதில் போகும்.

அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அரங்கா, தபால்காரி. அவள் வீடும் அதே தெருவில், நடுவில், சிறுபாலத்துக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தனக்கு வந்த பதிலைத் தானே தன் பெட்டியில் போட்டுவிட்டு மறுநாள் அலுவலகத்துக்கு வந்து நிற்பாள்.

"ஏண்டி வில்மா, இந்த வருஷமாவது ஒரு கமாவையாச்சும் இடம் மாத்திப் போட்டிருக்கலாம்ல?"

நான் வில்மா சோர்பா. ஷாரொஷ்குத் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். வயது நாற்பத்து நாலு. இடது முழங்காலுக்கு மட்டும் அறுபதைத் தாண்டியிருக்கும். ஊர் பக்கோனி மலையடிவாரத்தில் இருக்கிறது. மண் மஞ்சள் களிமண். நவம்பரில் முதல் மழை விழுந்ததும் கீழத்தெரு குழைய ஆரம்பிக்கும். மார்ச் கடைசிவரை குழைந்துகொண்டே இருக்கும். ரொட்டி வண்டி தெருமுனைக் கால்பந்துத் திடலோடு நின்றுவிடும். டாக்டர் தன் காரை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நீளப் பலகை சாத்தியிருக்கும். விருந்தாளி வந்தால் முதலில் பலகை போடுவார்கள், அப்புறம்தான் வாங்க என்பார்கள்.

தெருவின் மேல்முனையில் திராட்சை மது நிலவறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பின்பக்கமாகப் போக நல்ல தார்ச்சாலை உண்டு. பீப்பாய்களுக்கு அதிர்ச்சி ஆகக் கூடாது என்று ஊர்த்தலைவர் கெரேகெஷ் நான்கு வருடத்துக்கு முன்பே போட்டுக் கொடுத்தார். வரிசையில் மூன்றாவது நிலவறை அவருடையது.

கெரேகெஷ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முன்பு டயர் வியாபாரம். சிரித்த முகம், உரத்த குரல், எதற்கும் "ஆகட்டும்" என்று சொல்கிற வாய். போன வருடத்துக்கு முந்தின வருடம் செப்டம்பரில் தலைநகர் புடாபெஸ்டுக்குப் போய்விட்டு வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தார்.

"வில்மா, சேத்துல ஓடுறதுக்கு ஜனங்க வரிசையில நிக்கிறாங்க, தெரியுமா உனக்கு?"

"எந்த ஊர்ல தலைவரே?"

"எல்லா ஊர்லயும்! குளிர்காலத்துல, மலையில, நாப்பது ஐம்பது கிலோமீட்டர். விழுந்து எந்திரிச்சு, காசும் கொடுத்து ஓடுறான். நம்மகிட்ட சேறு சும்மா கெடக்கு."

அடுத்த வாரமே தலைநகரிலிருந்து ஸலான் என்பவன் வந்து இறங்கினான். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் கடிகாரம். மலையோட்டப் பந்தயங்கள் நடத்துவதுதான் தொழில். காடு, மேடு, ஓடை எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினான். கடைசியில் கீழத்தெருவுக்குக் கூட்டிப்போனோம். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. ஸலான் குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்தான். இரண்டு விரலால் தேய்த்தான். முகர்ந்தான். நாக்கில் வைத்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நண்பா," என்றான் தலைவரிடம், குரல் தழுதழுக்க, "இப்படி ஒரு சேறு நான் பார்த்ததே இல்ல. பிடிச்சா விடவே மாட்டேங்குது பாருங்க. பந்தயத்தோட கடைசி எண்ணூறு மீட்டர் இங்கதான். இதை மட்டும் யாரும் தொட்டுடக் கூடாது."

"யாரு தொடப் போறா!" என்றார் தலைவர். அது உண்மைதான்.

பலகை மேல் நின்று தபால் பையோடு பார்த்துக்கொண்டிருந்த அரங்கா கேட்டாள்: "தம்பிக்கு வேணும்னா ரெண்டு வாளி அள்ளித் தரவா? வீட்டுக்குள்ளயும் இருக்கு."

ஸலான் அவளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டான்.

அந்த அக்டோபரில் நான் முதன்முறையாகப் புதுக் கடிதம் தட்டச்சு செய்தேன். கீழத்தெருவை அதன் 'இயற்கை நிலையில்' மூன்று வருடம் காப்பாற்றுவதாக ஸலானோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஆகவே, தெரு இனி ஊரின் விளையாட்டுச் செல்வம். அதில் கல், மணல், சாம்பல் எதையும் கொட்டக் கூடாது. வணக்கமும் நன்றியும் பழையபடியே.

நவம்பர் ஊர்க்கூட்டத்துக்கு இருபத்து மூன்று வீட்டாரும் வந்தார்கள். அரங்கா எழுந்தாள். அவள் கணவன் லோரின்ஸ், கல்குவாரியில் வேலை செய்கிறவன், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தான். அவள் உட்காரவில்லை.

"தலைவரே, ஒரு சந்தேகம். அந்தச் சேறு உடம்புக்கு நல்லதா?"

"ரொம்ப நல்லது. மனசுக்கும் நல்லது. மனுஷனுக்கு உறுதி வரும்."

"அப்ப எங்க தெருவுல எல்லாரும் இரும்பா இருக்கணுமே. சரி விடுங்க. அவ்வளவு நல்லதுன்னா நீங்களும் ஓடுவீங்கதானே?"

மாவட்டப் பத்திரிகைக்காரர் முன்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "ஏன் ஓட மாட்டேன்? நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடுவேன். நான் மட்டுமில்ல, என் அலுவலகமும் ஓடும்!"

அலுவலகம் என்பது நான்தான். இன்னொருவர் கணக்கர், அவருக்கு இதய நோய்.

பயிற்சி தொடங்கியது. தலைவர் தினமும் காலையில் மேலத்தெருத் தார்ச்சாலையில், பூந்தொட்டிகளுக்கு நடுவில், தேவாலயம்வரை ஓடிவிட்டுத் திரும்புவார். அறுநூறு மீட்டர். பதினேழு பை வைத்த ஒரு சட்டையும், மலையாடு படம் போட்ட காலணியும் வாங்கினார். நான் அலுவலகம் விட்டபின் காட்டுப் பாதையில் நடந்தேன். முதல் வாரம் முழங்கால் அழுதது. மூன்றாவது வாரம் திட்டியது. டிசம்பரில் வழக்கம்போல வலித்துக்கொண்டு சும்மா இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடிக்க ஆரம்பித்திருந்தது. காட்டில் யாருக்கும் பதில் எழுத வேண்டியதில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் உறைபனி விழுந்தது. மண் இரும்பாக இறுகியது. கீழத்தெருக்காரர்கள் நவம்பருக்குப் பிறகு முதல்முறையாகச் சாதாரணக் காலணி போட்டுக்கொண்டு நடந்தார்கள். ரொட்டி வண்டி தெருவுக்குள்ளேயே வந்தது. எங்கள் அலுவலகத்திலோ இழவு வீடு மாதிரி இருந்தது. ஸலான் மணிக்கு ஒரு தரம் தொலைபேசியில் கதறினான்: "நண்பா, நானூறு பேர் வர்றாங்க. சுவரொட்டி பூரா சேறு. சேறு எங்க?"

தலைவர் யோசித்தார். பிறகு தீயணைப்பு வண்டியை அனுப்பினார்.

பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, சிவப்பு வண்டி கீழத்தெருவில் மேலிருந்து கீழே தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தது. சனங்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்துவதற்குக்கூட ஒரு முன்மாதிரி வேண்டாமா?

"ஆறு வருஷமா இந்தத் தண்ணி வத்தாதான்னு கெஞ்சினோம்," என்றான் லோரின்ஸ் மெதுவாக. "இப்ப வண்டி வெச்சு ஊத்துறாங்க."

"அங்க யாரோ சாமிகிட்ட நம்ம வேண்டுதலைத் தலைகீழாப் படிச்சிருக்காங்க," என்றாள் அரங்கா.

ஊற்றிய தண்ணீர் உறைந்து கண்ணாடியானது. மறுநாள் அரங்கா தபால்களைத் தவழ்ந்துகொண்டு கொடுத்தாள். அதற்கடுத்த நாள், பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, தெற்குக் காற்று வந்தது. பனிக்கட்டி இளகியது. மேலே மழை, கீழே உருகிய தண்ணீர். சிறுபாலத்தின் குழாய் அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பார்த்தபோது தெரு மூச்சு விடுவது போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஸலான் வந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திடலில் பந்தயம் தொடங்கியது. மழை தூறியது. தலைவர் பதினைந்து நிமிடம் பேசினார். மன உறுதி என்ற சொல் பதினோரு முறை வந்தது. நடுங்கிக்கொண்டு நின்ற ஒருத்தி எண்ணிச் சொன்னாள். பிறகு நானூறு பேரும் காட்டுக்குள் ஓடினார்கள். தலைவரும் நானும் கடைசியில். அவருடைய தண்ணீர் என் பையில்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. வழியில் ஏழு சாவடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் அல்லது பறவையின் முத்திரையைக் குத்துவார்கள்: மான், பன்றி, ஆந்தை, நரி, இப்படி. ஏழும் இருந்தால்தான் பதக்கம்.

முதல் ஐந்து கிலோமீட்டர் தலைவர் ஓடினார். அடுத்த ஐந்து நடந்தார். மூன்றாவது ஐந்தை என்னவென்று சொல்வது? மரத்துக்கு மரம் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். மழையில் ஊறிய இலைகளுக்குக் கீழே களிமண் வழுக்கியது. ஏற்றத்தில் இரண்டு அடி வைத்தால் ஒன்றரை அடி கீழே வரும். மலையாட்டுக் காலணியில் மண் அப்பி ஒவ்வொன்றும் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. ஓர் இறக்கத்தில் உட்கார்ந்தபடியே நாற்பது மீட்டர் போய் ஓடையில் இறங்கினார்.

"இது என்ன பைத்தியக்காரத்தனம் வில்மா? எவன் கண்டுபிடிச்சான் இதை?"

"உறுதி வருதா தலைவரே?"

"வாயை மூடு. தண்ணி குடு."

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் வேட்டைக்காரர் விடுதிக்குப் பக்கத்தில் மூன்றாவது சாவடி. பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டி, மேலே சிவப்பு வெங்காயம், கொதிக்கிற தேநீர். ஆந்தை முத்திரை குத்திக்கொண்டோம். மணி பன்னிரண்டு. இனி எதிரே பெரிய மேடு. அங்கிருந்து பார்த்தால் வெஸ்பிரேம் நகரத்துக் கோபுரங்கள்வரை தெரியும் என்று சொல்வார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்றாவது ரொட்டியைத் தின்றுகொண்டே காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

தலைவர் என் கையைப் பிடித்து விடுதிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே, தார்ப்பாயால் மூடி, அவருடைய கார் நின்றது.

"நேத்தே கொண்டுவந்து விட்டுட்டேன். ஒரு அவசரம்னா?"

"என்ன அவசரம் தலைவரே?"

"என்னைப் பார்த்தா உனக்கு அவசரமாத் தெரியலையா?"

நான் மேட்டைப் பார்த்தேன். முழங்காலைப் பார்த்தேன். தலைவர் கார் கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே வெப்பக்காற்று ஓடியது. என்னை யாரும் தூக்கிப் போடவில்லை. நானேதான் ஏறினேன்.

பின்பக்கத் தார்ச்சாலை வழியாக இருபது நிமிடத்தில் நிலவறை வரிசைக்கு வந்துவிட்டோம். அங்கேதான் சிக்கல். முதலில் வருகிற ஓட்டக்காரன் அப்போதுதான் வரிசையைக் கடந்து கீழத்தெருவுக்குள் பாய்ந்தான். நாங்கள் இப்போது இறங்கினால் இரண்டாவது பரிசு எங்களுக்கு.

"கொஞ்ச நேரம் உள்ள இருப்போம்," என்றார் தலைவர். தன் நிலவறையைத் திறந்தார்.

மூன்று மணி நேரம் இருந்தோம். தலைவர் மது சுட வைத்துக் கிராம்பு போட்டார். கதவிடுக்கு வழியாக ஓட்டக்காரர்கள் போவதைப் பார்த்து ஒவ்வொருவராக எண்ணினார். நூற்றைம்பதாவது ஆள் போகும்போது அவருக்குப் பாட்டு வந்தது. இருநூறாவது ஆளுக்குப் பிறகு சட்டையின் ஒன்பதாவது பையைத் திறந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். ஏழு முத்திரைகளும் இருந்தன. சாவடிகளுக்கு இரண்டு தொகுதி செய்யச் சொல்லி ஆணை அனுப்பியதே நான்தான். ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டிருந்தார். இப்போது நரியைக் குத்தினார். முயலையும் கரடியையும் குத்தினார். மரங்கொத்தியைத் தலைகீழாகக் குத்தினார்.

"உன் அட்டையைக் கொடு."

நீட்டினேன். ஆறு வருடம் அந்தக் கடிதங்களில் முத்திரை குத்திய கை அது. என் அட்டையில் முயலும் நரியும் பளபளவென்று பதிந்தன. எனக்கு என் மேலேயே கசப்பாக இருந்தது. அதைச் சுட்ட மதுவோடு விழுங்கினேன்.

மூன்றேகால் மணிக்குத் தலைவர் எழுந்தார். ஒரு பிரச்சினை. காரின் வெப்பத்திலும் நிலவறை அடுப்பிலும் எங்கள் மேல் இருந்த சேறு காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. தலைவர் மெத்தைக் கடை விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி இருந்தார்.

"சேத்தை அள்ளி அப்பு வில்மா," என்றார்.

நிலவறைக்குப் பின்னால் சாக்கடையோரம் ஈரமண் இருந்தது. அள்ளி அப்பினேன். "முதுகுலயும் போடு. காதுல வேணாம். ஏய், காதுல வேணாம்னு சொன்னேன்ல!"

இப்படிச் சுவர் பூசுகிற மாதிரிப் பூசி முடித்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கீழத்தெருவுக்குள் இறங்கினோம். இனி எண்ணூறு மீட்டர். கீழே திடலில் ஒலிபெருக்கி, தொலைக்காட்சி வண்டி. வேலியோரம் பலகைகளின் மேல் இருபத்து மூன்று வீட்டாரும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அந்தத் தெருவில் முந்நூறு பேருக்கு மேல் ஓடியிருந்தார்கள். அறுநூறு கால்கள் கிண்டிய சேறு. முதல் இருநூறு மீட்டரில் கணுக்கால்வரை உள்ளே போனது. அடுத்ததில் முழங்கால்வரை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனேன். அரங்கா தினமும் போகிற வழி அது. தலைவர் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று நடுவில் போனார். சிறுபாலத்துக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டி கடைசித் தண்ணீரைக் கொட்டிய இடத்தில், வலதுகாலை வைத்தார். தொடைவரை போனது. எடுக்க இடதுகாலை ஊன்றினார். அதுவும் போனது. பிறகு அசையவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்கள். அவருக்கு ஆறு கிடைக்கவில்லை.

பின்னால் வந்த ஓட்டக்காரர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். "சபாஷ் அண்ணே! விட்டுடாதீங்க!"

"நான் விட்டாத்தானே! அதுதான் விடலையே!" என்று கத்தினார்.

லோரின்ஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது திடலிலிருந்து ஸலானின் ஒலிபெருக்கி கேட்டது: "பார்வையாளர்கள் யாரும் உதவக் கூடாது! உதவினால் வீரர் தகுதி இழப்பார்!"

லோரின்ஸ் பலகையைக் கீழே வைத்தான். தலைவர் அவனைப் பார்த்தார், கேமராவோடு ஓடிவருகிற நிருபரைப் பார்த்தார். பதக்கமா, காலா? முடிவு எடுக்க முடியாமல் அங்கேயே நின்றார். நின்றார் என்பது தவறு. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"அரங்கா," என்றார் தாழ்ந்த குரலில், "யாருக்கும் தெரியாம அந்தப் பலகையைக் காலால தள்ளும்மா."

அரங்கா இடுப்பில் கைவைத்தாள். "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு தலைவரே."

பலகைகளின் மேல் நின்ற சனம் மொத்தமும் சிரித்தது. ஆறு வருடச் சிரிப்பு. கல்யாண வீட்டில்கூடச் சிரித்திராத பெக் கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டு விக்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. அந்த வரியை எழுதியவள் நானல்லவா?

நாற்பது நிமிடம் ஆனது. இருட்டத் தொடங்கியது. தலைவருக்குப் பல் கிட்டியதால் பேச முடியவில்லை என்று புரிந்ததும் நிருபர் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அவரோட முழுப் பந்தயமும் கூட வந்தவங்க. அந்தப் பெரிய மேட்டுல எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

நான் களைத்திருந்தேன். குளிர். வயிற்றில் கிராம்பு மது. நல்ல பதில் ஒன்று தயாராக நாக்கில் வந்தது. எழுத்தருக்கு எப்போதும் வரும். ஆனால் அரங்கா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது," என்றேன். "நாங்க மேட்டுப் பக்கமே போகல. கார்ல வந்தோம். மூணு மணி நேரம் நிலவறையில உக்காந்து மது குடிச்சோம். இந்தச் சேறுகூட நான் பூசினதுதான்."

நிருபர் வெடித்துச் சிரித்தார். ஒளிப்பதிவாளரின் தோள் குலுங்கியது. "அருமை! இவ்வளவு கஷ்டத்துலயும் நகைச்சுவை பாருங்க!" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். "இல்லங்க, நிஜமாத்தான்," என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார். அன்று மாலைச் செய்தியில் அது வந்தது, 'சிரிக்க வைத்த எழுத்தர்' என்று.

கடைசியில் தலைவர் தாங்க மாட்டாமல் அலறினார்: "பதக்கம் நாசமாப் போகட்டும், இழுங்கய்யா!"

லோரின்ஸ் டிராக்டரைக் கொண்டுவந்தான். அக்குளில் கயிறு கட்டி இழுத்தார்கள். சேறு முதலில் மறுத்தது, பிறகு பெரிய முத்தம் கொடுத்த மாதிரி ஒரு சத்தத்தோடு அவரை விட்டது. இரண்டு காலணிகளும் ஒரு காலுறையும் உள்ளே தங்கின. அவரை டிராக்டரில் உட்கார வைத்தே எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். தகுதி இழப்பா என்று யாரோ கேட்டார்கள். ஸலான் தொலைக்காட்சி வண்டியைப் பார்த்துவிட்டு, டிராக்டர் இந்த மண்ணின் இயற்கையான ஓர் அங்கம் என்று அறிவித்தான். தலைவர் கழுத்தில் பதக்கம் விழுந்தது. என் கழுத்தில் போட வந்தபோது என் அட்டையைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன். ஸலான் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பதக்கத்தை என் பையில் திணித்துவிட்டான்.

அரங்கா என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். வெந்நீர் கொடுத்தாள்.

"நிஜமாவாடி?"

"நிஜம்."

"முத்திரை?"

"அதையும் நாங்களே குத்திக்கிட்டோம்."

அவள் துண்டை என் தலையில் போட்டுத் தேய்த்தாள், வலிக்கிற அளவுக்கு. "ஒரு தடவை உண்மையைச் சொன்ன, அதையும் எவனும் நம்பல. பாவம்டி நீ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருக்காரர்கள் யாரும் தேவாலயத்துக்கு வரவில்லை. குவாரியில் யாருக்கும் வேண்டாத கழிவுக்கல் மலையாகக் கிடந்தது; எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி பல வருடமாக எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று டிராக்டர்கள் காலையிலிருந்து ஓடின. ஆண்கள் கொட்ட, பெண்கள் மண்வாரியால் பரப்ப, பெக் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் தப்பான யோசனை சொன்னார். சிறுபாலத்துக் குழாயைத் தோண்டி அடைப்பை எடுத்தார்கள். நானும் மத்தியானத்துக்கு மேல் ஒரு மண்வாரியோடு போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலைவர் மேசையைக் குத்தினார். ஒப்பந்தம் இருக்கிறது, விளையாட்டுச் செல்வத்தை அழித்துவிட்டார்கள், பதினைந்து நாளில் கல்லை அகற்றாவிட்டால் நடவடிக்கை. இருபத்து மூன்று பேருக்கும் பதிவுத் தபால். நான் தட்டச்சு செய்தேன். ஒரு கமாகூடத் தப்பில்லாமல் செய்தேன். பதிவுத் தபாலை வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைவருக்குத் தெரியும். அதைக் கொடுக்கப் போகிறவள் யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

இருபத்து மூன்றும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் அரங்காவின் உருண்டைக் கையெழுத்தில்: "மூன்று முறை சென்றேன். விலாசதாரர் வீட்டில் இல்லை." அவளுடையதிலும் அப்படியே.

"உன்னைத் தேடி உன் வீட்டுக்கு மூணு தடவை போனியா?" என்று தலைவர் நேரிலேயே கேட்டார்.

"போனேன் தலைவரே. நான் தபால் கொடுக்கப் போயிருந்தேன்."

ஸலான் பிப்ரவரியில் வந்து கல் பரப்பிய தெருவைப் பார்த்தான். செத்த வீட்டுக்கு வந்தவன் போலத் தொப்பியைக் கழற்றினான். பிறகு பந்தயத்தைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே கல்லறைத் தோட்டத்துப் பாதை இன்னும் மோசமாம். தலைவருக்கு மாவட்ட விளையாட்டு விருது கிடைத்தது. சேற்றில் நிற்கும் அவருடைய படம் அலுவலகக் கூடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. இடுப்புவரைதான் தெரியும் என்பதால் பாதிச் சுவர் போதுமாக இருந்தது. சாலை வேலையைத் தானே முன்னின்று முடித்ததாக அடுத்த தேர்தல் நோட்டீசில் போட்டுக்கொண்டார், ஜெயித்தும் விட்டார்.

இந்த ஜனவரியில் நான் பக்கத்து ஊர்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை, அரங்காவுக்கு மட்டும் தெரியும். பாதை அதே மேட்டைத்தான் ஏறுகிறது, எதிர்ப்பக்கமிருந்து. இருபத்தாறாவது கிலோமீட்டரில், நாலு காலால் ஏறுகிற மாதிரி கையையும் ஊன்றி ஏறினேன். இரண்டு முறை வழுக்கி அடிவாரத்துக்கே வந்து மறுபடி தொடங்கினேன். உச்சிக்குப் போனபோது மூடுபனி. கோபுரமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. என் முன்னால் ஒரு மரமும், அதன் கீழே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஒரு கிழவரும்தான் இருந்தார்கள்.

"இங்க என்னத்தப் பாக்க வந்தோம்னு தெரியலம்மா," என்றார் அவர்.

"எனக்கும் தெரியல," என்றேன். கொஞ்ச நேரம் அவரோடு நின்றேன். பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம். பிறகு அவர் முன்னால் போக, நான் பின்னால் இறங்கினேன். ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.